அம்பும் ஒரு கர்தினாலும்

நேற்று காலை கடற்கரையில் எனக்கும் என் நண்பருக்கும் வாய்ச்சண்டை. அவர் கணக்குப் பிரிவில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்கிறோம். செய்தித்தாளில் ஒரு படம். எங்கேயோ குடிசைகளை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஊழியர், மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினோம் என்று நிருபரிடம் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நண்பர் சொன்னார்:

"பாவம், அவன் என்னங்க செய்வான்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?"

எனக்கு என்னவோ அன்று கோபம் வந்துவிட்டது. "அம்புக்கு பஞ்சப்படி உண்டாங்க? அம்பு மாசாமாசம் சம்பளம் வாங்குதா? உங்களுக்கும் எனக்கும் முதல் தேதியானா பென்ஷன் வருதே, அம்புக்கு வருமா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. வழக்கமான காபியைக்கூடக் குடிக்காமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகும் ஆறவில்லை. நான் 37 வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன். கோப்பு, குறிப்பு, பட்டியல், நகல், முத்திரை இதுதான் என் வாழ்க்கை. அந்தப் பழமொழி எங்கள் ஜாதிக்கே எழுதப்பட்ட நற்சான்றிதழ். அதைக் கிழிக்க வேண்டும் என்று தோன்றியது. கிழிப்பதற்கு எனக்குக் கிடைத்த ஆள் ஒரு கத்தோலிக்கக் கர்தினால். நான் கத்தோலிக்கன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

கர்தினால் என்றதும் இப்போது எல்லாருக்கும் ஞாபகம் வருவது போப்பாண்டவர் தேர்தலும் கூரைமேல் வரும் வெள்ளைப் புகையும். பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் தலைமுறைக்கு வேறு. எங்கள் சரித்திரப் புத்தகத்தில் கர்தினால் என்றால் ரிஷ்லியே. பிலிப் தெ ஷம்பாஞ் வரைந்த அந்த முழுநீளச் சிவப்பு அங்கிப் படம். லா ரொஷெல் கோட்டையைப் பட்டினி போட்டுப் பிடித்தவர், பிரெஞ்சு அகாதெமியை 1635இல் நிறுவியவர். அடுத்தது மஸரேன், அதற்கு அடுத்தது ஃப்ளெரி. ராஜாவுக்கு வயசு போதாவிட்டால் ராஜ்யத்தை நடத்துகிறவர் கர்தினால் என்றே சின்ன வயசில் நினைத்திருந்தேன். எங்கள் மிசியே பிரம்பைத் தட்டித் தட்டி ஒப்பிக்கச் சொல்லுவார். ஒரு தேதி தப்பினால் முழங்கால்.

அரசாங்கம் நடத்திய கர்தினால்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியாத கர்தினால் ஒருவருக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் பெயரே எனக்கு ஐம்பது வயசுக்குப் பக்கத்தில்தான் தெரியவந்தது. 1997 கடைசியில் போர்தோ நகரில் மொரிஸ் பப்போன் என்பவர்மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் முடிந்ததும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் நூலகத்துக்குப் போய் பழைய லெ மோந்த் பத்திரிகைகளைப் படிப்பேன். அந்த வழக்கைப் படிக்கப் போய்த்தான் சாலியேஜ் என்ற பெயரைக் கண்டேன்.

பப்போனை முதலில் சொல்லிவிட வேண்டும். என் நண்பர் சொன்ன அம்பு அவர்தான். 1942இல் போர்தோவில் பிரெஃபெக்த்தூரின் தலைமைச் செயலாளர். பிரெஃபெக்த்தூர் என்பது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. அவருக்குக் கீழே யூதர் விவகாரங்களுக்கு என்று ஒரு பிரிவு. அங்கே பட்டியல் தயாராகும், போலீசுக்கு ஆணை போகும், ரயிலுக்கு ஏற்பாடு நடக்கும். கையெழுத்து அவருடையது. அப்படிச் சுமார் 1,600 பேர் போர்தோவிலிருந்து பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள திரான்ஸி முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ். போர் முடிந்தபிறகு அவர் உத்தியோகத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை. பாரிஸ் போலீஸ் தலைவர் ஆனார், 1978இல் பட்ஜெட் மந்திரியும் ஆனார். 1981இல் லெ கனார் ஆன்ஷெனே பத்திரிகை அவர் கையெழுத்துப் போட்ட தாள்களை அச்சிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு விசாரணைக்கு வர இன்னும் பதினாறு வருஷம் பிடித்தது. 1998 ஏப்ரலில், 87 வயசில், பத்து வருஷ தண்டனை. மேலிடம் சொன்னது, நான் செய்தேன், ரயில் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது: அவர் தரப்பு வாதத்தின் சாரம் இவ்வளவுதான். கூண்டில் நின்றது கொடுவாள் மீசை வைத்த கொலைகாரன் இல்லை. கோட்டுப் போட்ட, குறிப்பெழுதத் தெரிந்த, என்னைப்போல ஒரு கோப்பு மனிதர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இனி சாலியேஜ்.

ஜூல் ஜெரோ சாலியேஜ் 1870 பிப்ரவரியில் பிரான்சின் நடுவே கந்தால் என்ற மலைப்பாங்கான மாவட்டத்தில், ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். மாடும் பாலாடைக்கட்டியும் உள்ள ஊர்ப்பக்கம். 1895இல் குருப்பட்டம். சேன் ஃப்ளூர் குருமடத்தில் பாடம் சொல்லி, அதற்கே தலைவரானார். 1925இல் கப் என்ற ஊரின் ஆயர், 1928 முடிவில் துலூஸின் பேராயர். அதுவரை சாதாரண உத்தியோக ஏற்றம்தான். பிறகு முப்பதுகளின் தொடக்கத்திலேயே பக்கவாதம் போட்டது. கை எழுதாது, கால் நடக்காது, நாக்கு குழறும். கூடவே இருந்து பழகிய சிலருக்கு மட்டும் அவர் பேச்சு புரியும். நம் ஆபீசாக இருந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஹிட்லர் பதவிக்கு வந்த மூன்றாவது மாதம், 1933 ஏப்ரலில், துலூஸ் நகர நாடக அரங்கில் யூதர்மேல் நடக்கும் கொடுமையைக் கண்டித்து ஒரு கூட்டம். அதில் சாலியேஜ் கலந்துகொண்டு பேசினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1942இல் செய்ததை ஏதோ திடீர் ஆவேசம் என்று ஒதுக்கிவிட முடியாது.

1940இல் பிரான்ஸ் தோற்றது. பெத்தேன் என்ற கிழ மார்ஷல் விஷி நகரில் அரசாங்கம் அமைத்தார். அந்த அக்டோபரிலேயே யூதர்களுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. ஆயர்கள் அனேகமாக எல்லாரும் மார்ஷலுக்குப் பக்கபலமாக நின்றார்கள், சாலியேஜும் தொடக்கத்தில் அதில் ஒருவர்தான். லியோனின் கர்தினால் ஜெர்லியே, பெத்தேன்தான் பிரான்ஸ், பிரான்ஸ்தான் பெத்தேன் என்கிற பொருளில் மார்ஷலை வைத்துக்கொண்டே பேசினார். எங்கள் புதுச்சேரி அந்த விஷயத்தில் வேறு வழி போனது. 1940 செப்டம்பரில் குவர்னர் போன்வன் விஷியை உதறிவிட்டு தெ கோல் பக்கம் சேர்ந்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு என்ன செய்திருப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் பிரெஞ்சுப் போலீஸ் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது. அதில் 4,000க்கு மேல் குழந்தைகள். ஜெர்மன் சிப்பாய் தேவைப்படவில்லை. போலீஸ் தலைமையகத்தில் துய்லார் என்ற அதிகாரி தயாரித்த அட்டைக் கோப்பு இருந்தது. பெயர்வாரியாக, தெருவாரியாக, தொழில்வாரியாக, தேசவாரியாக. அதைப்பற்றிப் படித்தபோது ஒரு கணம் என் தொழில் புத்தி அதை மெச்சியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவ்வளவு சுத்தமான கோப்பு.

அப்போது பாரிஸ் கர்தினால் சுஹார் என்ன செய்தார்? ஆக்கிரமிப்புப் பகுதியின் கர்தினால்கள், பேராயர்கள் கூடி ஆலோசித்தார்கள். ஜூலை 22ஆம் தேதியிட்டு சுஹார் மார்ஷலுக்குக் கடிதம் எழுதினார். தனிப்பட்ட முறையில், உறைக்குள் வைத்து, வெளியே யாருக்கும் தெரியாமல். குமாஸ்தா பாஷையில் சொன்னால் 'த்ரூ ப்ராப்பர் சானல்'. முறையான வழியில் போன எத்தனையோ மனுக்கள் எங்கே படுத்துத் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து, 1944 ஆகஸ்டில், விடுதலையான பாரிசில் தெ கோல் நோத்ர் தாம் கோயிலுக்கு வந்தபோது அந்தக் கர்தினாலைத் தம் சொந்தக் கோயிலுக்குள்ளேயே வரவிடவில்லை.

துலூஸ் பக்கம் ஜெர்மானியர் இன்னும் வராத பகுதி. அங்கே நோவே, ரெசெபெது என்று இரண்டு முகாம்கள். முதியவர்களையும் நோயாளிகளையும் வைத்திருந்த இடங்கள். ஆகஸ்ட் முதல் பாதியில் அங்கிருந்தும் ஆட்களை ரயிலேற்ற ஆரம்பித்தார்கள். ஏற்றியது விஷி அரசாங்கம். ஆக்கிரமிப்பே இல்லாத மண்ணிலிருந்து. முகாமுக்குள் போய்வந்த சமூக சேவகி ஒருவர் பார்த்ததைச் சொன்னார், யூத அமைப்பைச் சேர்ந்த லெதெர்மன் என்பவர் நேரில் வந்து சொன்னார். கிழவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

அந்தக் கடிதத்தை நான் பிரெஞ்சில் படித்திருக்கிறேன். ஒரு பக்கம் நிரம்பாது. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வரைவு பார்த்ததில்லை. சட்டப்பிரிவு இல்லை, 'மேற்படி' இல்லை, 'கனிவான பரிசீலனைக்கு' இல்லை. மனிதனுக்குக் கடமையும் உண்டு, உரிமையும் உண்டு, அவை கடவுளிடமிருந்து வந்தவை, அவற்றை மீறலாமே தவிர அழிக்க எந்த மனிதனுக்கும் அதிகாரம் இல்லை என்று தொடங்குகிறது. குழந்தைகளையும் தாய் தகப்பனையும் மந்தைபோல நடத்துவதையும், ஒரே குடும்பத்தைப் பிரித்துத் தெரியாத ஊருக்கு அனுப்புவதையும் பார்க்கும் துரதிர்ஷ்டம் நம் காலத்துக்கு வாய்த்தது என்கிறது. முகாம்களின் பெயரைச் சொல்கிறது. யூதர்களும் மனிதர்கள், அன்னியர்களும் மனிதர்கள், அவர்கள்மேல் எதை வேண்டுமானாலும் செய்துவிட முடியாது என்கிறது. அடியில் ஒரு குறிப்பு: வரும் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவும், விளக்கவுரை இல்லாமல்.

அந்தக் கடைசிக் குறிப்பைக் கவனியுங்கள். பங்குக் குரு மழுப்ப இடமில்லை, நயமாகத் திரிக்க இடமில்லை. இருப்பதைப் படித்துவிட்டு இறங்க வேண்டும்.

தபாலில் போட்டால் தணிக்கைக்காரன் கையில் விழும் என்பதால் ஆள் மூலமாகப் பங்குகளுக்குப் போனது. பிரெஃபே காதுக்கும் எட்டியது. எங்கேயும் வாசிக்கக் கூடாது என்று மேயர்களுக்குத் தந்தி பறந்தது. ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. மேயர் ஒரு பக்கம், பேராயர் ஒரு பக்கம், நடுவில் ஊர்க் குரு. பலர் வாசித்தார்கள். சிலர் அடுத்த ஞாயிறு வாசித்தார்கள். சிலர் வாசிக்கவே இல்லை. இவர்கள் எல்லாரும் அம்புகள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரே வில்லில் இருந்து இத்தனை விதமாகப் போகும் அம்பை யாராவது பார்த்ததுண்டா?

இன்னொரு விஷயம், இது என் சொந்தக் கணக்கு. 1801இல் நெப்போலியன் போப்போடு செய்த ஒப்பந்தத்தின்படி பிரான்சில் ஆயர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம், நியமித்ததும் அரசாங்கம். 1905இல் அரசும் திருச்சபையும் பிரிந்தபோது கத்தோலிக்கர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் 1942இல் சாலியேஜ் கஜானாவில் சம்பளம் வாங்குகிறவராக இருந்திருப்பார். பிரெஃபேயின் தந்தி அவருக்கே வந்திருக்கும், நடத்தை விதிகளின் நகலோடு. சம்பளம் நிறுத்தப்படும் என்ற பயம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் சொல்கிறேன், அந்தப் பிரிவினைதான் அவர் நாக்குக்கு விடுதலை கொடுத்தது.

நேற்றே என் நண்பர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் மூன்று ஆட்சேபணை எழுப்பியிருப்பார். அவர் ஆடிட் ஆள், எழுப்பாமல் விடமாட்டார்.

ஒரு கடிதத்தால் என்ன ஆகிவிடும் என்பது ஒன்று. ஆனது. கடிதம் கைக்குக் கை நகலெடுத்துப் பரவியது. லண்டன் பிபிசி வாசித்தது. ஒரு வாரத்துக்குள் பக்கத்து மொந்தோபான் ஆயர் தெயாஸ் தாமும் ஒரு கடிதம் எழுதினார். மாரி ரோஸ் ஜினெஸ்த் என்ற பெண் அதன் நகல்களை சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மர்செய், ஆல்பி ஆயர்களும் பேசினார்கள். பெத்தேனைப் புகழ்ந்த ஜெர்லியேகூட செப்டம்பரில் கண்டனக் கடிதம் வாசிக்க வைத்தார். பிரதமர் லவால், திருச்சபையின் எதிர்ப்பு இருக்கிறது, இனிமேல் புதிதாகக் கேட்காதீர்கள் என்று ஜெர்மன் அதிகாரிகளிடம் சொல்லும் நிலை வந்தது. இந்தக் கண்டனங்கள் ரயில்களின் வேகத்தைக் குறைத்தன என்பதை ஆவணங்களோடு காட்டியவர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட், தகப்பனை ஆஷ்விட்ஸில் இழந்த வரலாற்றாசிரியர். ரயில்கள் நின்றுவிடவில்லை. மொத்தம் சுமார் 76,000 பேர் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டார்கள். ஆனால் யூதர்களில் முக்கால்வாசிப் பேர் உயிர் பிழைத்தார்கள். கன்னியர் மடங்களும் பண்ணை வீடுகளும் கதவைத் திறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பேராயருக்கு என்ன பயம், அவரை யார் தொடுவார்கள் என்பது இரண்டாவது. 1944 ஜூன் 9ஆம் தேதி கெஸ்டபோ அவர் வீட்டுக்கே வந்தது, கைது செய்ய. 74 வயசு, நடக்க முடியாத, பேச முடியாத ஆள். அவர் இருந்த நிலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பாதுகாப்பு பிரான்சின் எல்லா ஆயர்களுக்கும்தான் இருந்தது. எண்பதுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் அந்தக் கோடையில் வெளிப்படையாகப் பேசினவர்கள் ஐந்தாறு பேர். பாதுகாப்பாக இருக்கிறவன் பேசுவது சுலபம் என்றால், மற்றவர்கள் ஏன் பேசவில்லை?

மூன்றாவது ஆட்சேபணைதான் எனக்குக் கஷ்டம். சாலியேஜ் முழு வீரர் இல்லை. பிரெஃபேயின் நெருக்கடியில் கடிதத்தில் இரண்டு சொல்லை மாற்ற ஒப்புக்கொண்டார். 'எப்புவாந்த்' என்று இருந்தது, அதாவது திகில் காட்சிகள். அதை 'எமுவாந்த்' ஆக்கினார், மனதை உருக்கும் காட்சிகள். 'ஓரர்' என்று இருந்தது, அதாவது கொடூரங்கள். அது 'எரர்', தவறுகள், ஆயிற்று. காதுக்கு ஒரே ஓசை, கருத்தில் பாதி போச்சு. கோப்பில் மேலதிகாரிக்கு உறுத்துகிற சொல்லை எடுத்துவிட்டு வழவழவென்று இன்னொன்றைப் போடும் வேலையை நானே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன், அதனால் அந்தக் கைவேலை எனக்கு உடனே புரிந்தது. இது போதாதென்று செப்டம்பர் கடைசியில், தம் கடிதத்தைச் சிலர் தகாத முறையில் பயன்படுத்துகிறார்கள், தமக்கு மார்ஷலிடம் விசுவாசம் மாறவில்லை என்று ஓர் அறிவிப்பும் கொடுத்தார். இதை மறைத்துவிட்டு அவருக்கு மாலை போடுகிறவர்களிடம் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் இதே காரணத்துக்காகத்தான் நான் அவரைப் பிடித்துக்கொள்கிறேன். பிறவி வீரனை என் நண்பரிடம் காட்டினால், "அவர் மகான், நாம் மனுஷங்க" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார். சாலியேஜ் பயந்தார், சொல்லை மாற்றினார், மேலிடத்துக்கு விசுவாசக் கடிதமும் கொடுத்தார். இருந்தும் முக்கியமான வரியை எடுக்கவில்லை. யூதர்களும் மனிதர்கள் என்ற வரி இரண்டு வரைவிலும் அப்படியே இருந்தது.

இப்போது என் கோப்பைத் திறக்கிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை மூடி வைப்பது சரியாகாது.

எண்பதுகளின் நடுவில் நான் யு.டி.சி. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. முதியோர், விதவை உதவித்தொகை வாங்குகிறவர்கள் பதினைந்து நாளுக்குள் வயசுச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை நீக்கு என்று ஓர் உத்தரவு. என்னிடம் வந்த பட்டியலில் 63 பேர். பெரும்பாலும் கிழவிகள். பிரெஞ்சுக் காலத்தில் இங்கே பிறந்தவர்களுக்குக் கவலையில்லை, மேரியில் எத்தா சிவில் பதிவேட்டைப் புரட்டினால் நாள், நாழிகை, தகப்பன் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியலில் இருந்த பலர் எல்லைக்கு அப்பால், தென்னாற்காட்டுக் கிராமங்களில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்களுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. டாக்டர் பார்த்து உத்தேசமாக வயசு எழுதிக் கொடுத்தால் போதும் என்று பழைய சுற்றறிக்கை ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும். கோப்பில் மூன்று வரி எழுதியிருந்தால் போதும்.

எழுதவில்லை. மேலே இருந்தவர் முன்கோபி, பட்டியலை அன்றைக்கே கேட்டார். என் பதவி உயர்வும் அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மையில் கோடு போட்டுக்கொடுத்தேன். அழகான கையெழுத்து என்று எனக்கு ஆபீசில் பெயர். ஒரு பாட்டி துணிப்பையோடு கவுன்ட்டருக்கு வந்து, "என் பேரு இல்லன்னு சொல்றாங்களே சாமி" என்றது. "மேலிடத்து உத்தரவும்மா, நான் என்ன செய்ய முடியும்" என்றேன். நண்பர் சொன்ன பழமொழியின் இன்னொரு வடிவம்தான் அது.

ஏழு மாதம் கழித்து, எனக்கு ஜூனியரான ஒரு பெண் அந்த இடத்துக்கு மாற்றலாகி வந்தார். பழைய சுற்றறிக்கையை எடுத்து இணைத்து, மூன்றே வரி குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். பெயர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டன. அவரை யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. ஆனால் திரும்பச் சேர்த்தபோது 63 பெயர் இல்லை. சில பெயர்களுக்கு எதிரே 'இறப்பு' என்று குறித்திருந்தது. அந்தப் பாட்டியின் பெயர் அதில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், பதிவேடு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அதையும் ரயிலையும் ஒன்றாக்குகிறானே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒன்றில்லை, அது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் கவுன்ட்டரில் நான் சொன்ன வாக்கியமும் போர்தோ நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட வாக்கியமும் ஒன்றுதான். அந்தப் பத்திரிகையை மடித்து வைத்த சாயங்காலம் எனக்குத் தோன்றியது இதுதான், நேற்று பெஞ்சில் குரல் உயர்ந்ததும் இதனால்தான். நண்பர் பாவம், அவர்மேல் கோபமே இல்லை.

கப்தெனாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடப் பள்ளி. தலைவி சகோதரி தெனிஸ் பெர்கோன். எண்பதுக்கு மேற்பட்ட யூதக் குழந்தைகளை அங்கே வேறு பெயரில் ஒளித்து வைத்தார். போலிக் காகிதம், போலிப் பெயர், கேட்கிறவர்களிடம் பொய். மனசு உறுத்தியது. பொய் சொல்வது பாவமாயிற்றே, என்ன செய்வது என்று சாலியேஜிடம் கேட்டார். உயிரைக் காப்பாற்றுவதற்கு என்றால் பொய் சொல்வோம், மகளே, தாராளமாகச் சொல்வோம் என்பது அவர் பதில். நீதிநெறி போதித்த குருமட வாத்தியார் சொன்னது. அந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருந்த பொய்ப் பெயர்களையும் போலீஸ் தலைமையகத்தின் அட்டைக் கோப்பில் இருந்த மெய்யான பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்திருக்கிறேன். பதிவேடு துல்லியமாக இருக்க வேண்டும் என்று 37 வருஷம் அடித்துக்கொண்டவன் நான்.

கர்தினால் பதவி இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. 1945இல் தெ கோல் விடுதலைப் போர்த் தோழர் என்ற விருது கொடுத்தார். 1946 பிப்ரவரியில் பன்னிரண்டாம் பயஸ் அவரைக் கர்தினால் ஆக்கினார். 76 வயசை எட்ட ஒரு வாரம் இருந்தது. போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. 1956 நவம்பர் 5ஆம் தேதி துலூஸில் காலமானார். 1969இல் இஸ்ரேலின் யாத் வஷேம், நாடுகளின் நீதிமான்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. பிரெஞ்சு ஆயர்கள் கூடி, அந்தக் காலத்தில் மௌனமாக இருந்தது தவறு என்று திரான்ஸியில் மன்னிப்புக் கேட்டது 1997 செப்டம்பர் 30. பப்போன் வழக்கு தொடங்க அப்போது பத்து நாள்கூட இல்லை.

நாளை காலை பெஞ்சுக்குப் போவேன். கடிதத்தின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். நண்பருக்கு பிரெஞ்சு தெரியாது, ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகும். விளக்கவுரை எதுவும் சொல்லப்போவதில்லை. காபிக்கு இந்தத் தடவை நான் காசு கொடுக்கிறேன்.